4-வது பிக்: ஹைஸ்கூல் இடக்கை பிட்சரா, காலேஜ் ஷார்ட்ஸ்டாப்பா? (ஓஓடிபி, பைரேட்ஸ்)

நெல்லை_லெஃப்டி:

எல்லாருக்கும் வணக்கம். அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்னு (ஓஓடிபி) டீம் நடத்துற கம்ப்யூட்டர் கேம்ல பிட்ஸ்பர்க் பைரேட்ஸை எடுத்து ஓட்டிட்டு இருக்கேன். முதல் சீசன் படுமோசம். அதுக்குப் பலனா டிராஃப்ட்ல (டீமுங்க வரிசையா புதுப் பசங்களை எடுக்கிறது) 4-வது பிக் கிடைச்சிருக்கு. முதல் மூணு டீமும் எடுத்து முடிச்சாச்சு, இப்ப என் முறை. கேமை அப்படியே நிறுத்தி வச்சுட்டு இங்க வந்து கேக்குறேன்.

ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன். எல்லாம் 20-80 அளவுல சொல்றேன். முதல் எண் இப்ப இருக்கிறது, ரெண்டாவது பொட்டென்ஷியல்.

ஒருத்தன் 18 வயசு ஹைஸ்கூல் இடக்கை பிட்சர். ஸ்டஃப் (ஸ்ட்ரைக்அவுட் பண்ற திறமை) 40/75. மூவ்மென்ட் 35/55. கன்ட்ரோல் 25/40. ஃபாஸ்ட்பாலும் ஸ்லைடரும் பிரமாதமா வரும்னு ஸ்கவுட் (பசங்களைப் பார்த்து மதிப்பிடுறவர்) சொல்றார், சேஞ்ச்அப் மட்டும் 25/35. ஸ்டாமினா 50. நாலரை நட்சத்திரம். ஸ்லாட்டை விட (அந்த பிக்குக்குன்னு ஒதுக்கின சைனிங் தொகை) நிறைய கேக்குறான், சைன் பண்றது 'கஷ்டம்'னு போட்டிருக்கு.

இன்னொருத்தன் 21 வயசு காலேஜ் ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஃபீல்டர்). கான்டாக்ட் 40/55, கேப் (டபுள், ட்ரிபிள் அடிக்கிறது) 45/55, பவர் 35/45, ஐ (தப்பான பந்தை அடிக்காம விடுற கண்) 50/60, ஸ்ட்ரைக்அவுட் தவிர்க்கிறது 45/55. இன்ஃபீல்ட் ரேஞ்ச் 65, ஆர்ம் 55. மூணரை நட்சத்திரம். ஸ்லாட் பணத்துக்கே வந்துடுவான்.

நானே இடக்கைக்காரன், அதனால மனசு அந்தப் பிட்சர் பக்கம்தான் சாயுது. என் ஸ்கவுட் 'டூல்ஸ்' (இயற்கையான உடல் திறமை) பக்கம் சாயுற ஆளு. ஷார்ட்ஸ்டாப்பைப் பத்தி அவரோட துல்லியம் 'ஹை', பிட்சரைப் பத்தி 'ஆவரேஜ்'. ஓஎஸ்ஏ (கேமோட பொது ஸ்கவுட்டிங் அமைப்பு) பக்கம் மாத்திப் பார்த்தேன்: பிட்சருக்கு ஸ்டஃப் 65, கன்ட்ரோல் 35னு காட்டுது. ஷார்ட்ஸ்டாப்புக்கு ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே எண்தான். யாரை எடுக்க?

பென்ச்_கோச்:

நாலரை நட்சத்திரத்தை விட்டுட்டு மூணரையை எடுப்பாங்களா? பிட்சர். அடுத்த கேள்வி.

ஹூஸ்டன்_சித்தப்பா:

தம்பி, மேல ஒருத்தர் சொன்னதைக் காதுல வாங்காத. அந்த நட்சத்திர வரிசையை டிராஃப்ட் ஸ்க்ரீன்லேர்ந்தே தூக்கிடு. நான் எப்பவோ தூக்கிட்டேன். நட்சத்திரம்கிறது உன் ஸ்கவுட்டோட அபிப்பிராயம், அவ்வளவுதான். உன் ஸ்கவுட் யாரு? டூல்ஸ் பிரியர். வேகமா எறியிற பையனைப் பார்த்தா அவருக்கு நாக்குல எச்சில் ஊறும். அந்த மாதிரி ஆளு வேண்டாம்னு சொல்லல, என்கிட்டயும் அப்படி ஒருத்தர் இருக்கார். ஆனா அவர் பிட்சரைப் பத்திப் பேசும்போது ஒரு படி குறைச்சுத்தான் எடுத்துக்கணும்.

நீயே பாதி விடையைச் சொல்லிட்ட. ஓஎஸ்ஏ யார் பக்கமும் சாயாம பார்க்கும். ஷார்ட்ஸ்டாப் விஷயத்துல ரெண்டு பேரும் ஒத்துப்போறாங்க, துல்லியமும் 'ஹை'. அப்ப நீ பார்க்கிற பையன் அநேகமா அதே பையன்தான். பிட்சர்கிட்ட ஸ்டஃப்ல மட்டும் 10 புள்ளி இடிக்குது. 20-80ல 10 புள்ளின்னா சாதாரணம் இல்ல. 50 மேஜர் லீக் சராசரி, ஒவ்வொரு 10-ம் ஒரு முழுப் படி. 65 ஸ்டஃப் நல்ல பிட்சர். 75 ஸ்டஃப் லீக்லயே விரல் விட்டு எண்ணுற ஆளு. நடுவுல இருக்கிற இடைவெளி உன் ஸ்கவுட்டோட ஆசையா, நிஜமான்னு 'ஆவரேஜ்' துல்லியத்தை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. டிராஃப்ட் பட்டியல் வெளிய வந்த உடனே அந்தப் பையனைத் தனியா பார்க்கச் சொல்லி ஸ்கவுட்டை அனுப்பியிருக்கலாம். அடுத்த வருஷத்துக்கு ஞாபகம் வச்சுக்கோ: முதல் பிக்குக்கு யோசிக்கிற நாலஞ்சு பேரை முன்னாடியே பார்க்க வச்சுடணும். ஸ்கவுட்டிங் பட்ஜெட்ல அமெச்சூர் பங்கையும் ஏத்தி வை. பைரேட்ஸ் மாதிரி காசு கம்மியான டீமுக்கு ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில வேலை இல்ல, டிராஃப்ட்தான் சோறு போடும்.

சரி, ஸ்டஃப்பை விடு. எனக்கு உறுத்துறது கன்ட்ரோல் 40. அதுவும் பொட்டென்ஷியல். அதாவது எல்லாம் நல்லபடியா நடந்தாத்தான் 40. இப்ப 25.

இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. டேவிட் கிளைட். எங்க ஊர் ஹூஸ்டன், வெஸ்ட்செஸ்டர் ஹைஸ்கூல், இடக்கை பிட்சர். 1973 டிராஃப்ட்ல முதல் பிக், டெக்சஸ் ரேஞ்சர்ஸ் எடுத்தாங்க. டீமுக்கோ ஆட்கள் வரல, டிக்கெட் விக்கல. ஸ்கூல் முடிச்சு மூணு வாரம்கூட ஆகாத பையனை நேரா மேஜர் லீக் பிட்சிங் மேட்டுல நிறுத்திட்டாங்க. ஜூன் 27, மின்னசோட்டா ட்வின்ஸுக்கு எதிரா. 35,000-க்கு மேல கூட்டம். முதல் ரெண்டு பேட்டருக்கும் வாக் (நாலு தப்பான பந்து போட்டு முதல் பேஸை இலவசமா விடுறது) கொடுத்தான், அடுத்த மூணு பேரையும் ஸ்ட்ரைக்அவுட் பண்ணினான். மொத்தம் 5 இன்னிங்ஸ்: 1 ஹிட், 8 ஸ்ட்ரைக்அவுட், 7 வாக். ஜெயிச்சாங்க, ஸ்டேடியமே ஆடிப்போச்சு.

அந்த ஸ்கோர்கார்டை நல்லா பாரு. 1 ஹிட், 8 ஸ்ட்ரைக்அவுட், அது உன் 75 ஸ்டஃப். 7 வாக், அது உன் 40 கன்ட்ரோல். முதல் நாளே ரெண்டும் எழுதியிருந்துச்சு, எல்லாரும் 8-ஐ மட்டும் படிச்சாங்க. கிளைட் கேரியர் 18 வெற்றி, 33 தோல்வி. 24 வயசுல கடைசி மேஜர் லீக் மேட்ச்.

இன்னொண்ணும் சொல்றேன். 1965-ல டிராஃப்ட் ஆரம்பிச்சதுலேர்ந்து ஹைஸ்கூல் இடக்கை பிட்சர் முதல் பிக்கா போனது மூணே மூணு பேர். கிளைட் ஒண்ணு. 1991-ல பிரையன் டெய்லர், யாங்கீஸ் அந்தக் காலத்துலயே 15.5 லட்சம் டாலர் கொடுத்தாங்க, 1993 டிசம்பர்ல ஒரு அடிதடியில தோள்பட்டை போச்சு, மேஜர் லீக்கே பார்க்கல. 2014-ல பிரேடி ஐக்கன், எங்க ஆஸ்ட்ரோஸ் எடுத்தது, மருத்துவப் பரிசோதனையில முழங்கை சரியில்லைன்னு பேச்சுவார்த்தை முறிஞ்சு சைனே ஆகல. அடுத்த மார்ச்ல டாமி ஜான் ஆபரேஷன் (முழங்கைத் தசைநாரைச் சரிபண்றது). அவனும் மேஜர் லீக் பார்க்கல. ஹைஸ்கூல் வலக்கை பிட்சரை முதல் பிக்கா எடுக்க இதுவரைக்கும் ஒரு டீமுக்கும் தைரியம் வரல.

உன்னோடது 4-வது பிக், முதல் பிக் இல்ல. சரிதான். ஆனா கேம் இந்த ஆபத்தை நிஜமாவே கணக்குல வச்சிருக்கு. 18 வயசுக்கும் மேஜர் லீக்குக்கும் நடுவுல அஞ்சு வருஷம். அந்த அஞ்சு வருஷத்துல பிட்சர் முழங்கை ஒரு தடவை கிழிஞ்சா பொட்டென்ஷியல் சடசடன்னு இறங்கும். பேட்டருக்கு அந்த அடி கம்மி.

அதோட மூணாவது பந்து. சேஞ்ச்அப் 35-லயே நின்னா உன் ஆளு ரெண்டு பந்துக்காரன். ரெண்டு பந்தோட ஸ்டார்ட்டரா நிக்கிறது ரொம்பக் கஷ்டம், வலக்கை பேட்டர்கள் ரெண்டாவது சுத்துல பிரிச்சு மேய்ஞ்சுடுவாங்க. அப்ப அவனை புல்பென்லதான் (மேட்ச் நடுவுல வர்ற மாற்று பிட்சருங்க) போடணும். 4-வது பிக்கைக் கொடுத்து ரிலீவர் வாங்குறதா?

இப்ப ஷார்ட்ஸ்டாப். பார்க்க உப்புசப்பில்லாத மாதிரி இருக்கான், தெரியும். பவர் 45, ஹோம் ரன் போஸ்டர்ல படம் வராது. ஆனா ரேஞ்ச் 65 இப்பவே கையில இருக்கு. கேம்ல ரேஞ்ச், ஆர்ம் எல்லாம் பேட்டிங் மாதிரி தலைகீழா மாறாது, ஓரளவு பார்த்தது பார்த்தபடி வரும். பேட்டிங் பாதிதான் வளர்ந்தாலும் அவன் ரெண்டாவது பேஸ், மூணாவது பேஸ், தேவைப்பட்டா அவுட்ஃபீல்டுன்னு எங்கயாவது நின்னு சோறு சம்பாதிப்பான். ஐ 60 வேற. வாக் வாங்கத் தெரிஞ்ச ஷார்ட்ஸ்டாப்பை நான் எப்பவும் சந்தோஷமா எடுப்பேன்.

இங்க ரைஸ் யுனிவர்சிட்டி ரெக்லிங் பார்க்குக்கு வசந்த காலத்துல அடிக்கடி போவேன். ஹோம் பிளேட்டுக்குப் பின்னாடி ஸ்கவுட்டுங்க வரிசையா உக்காந்திருப்பாங்க, நான் எப்பவும் அவங்களுக்கு ரெண்டு வரிசை பின்னாடி இடம் பிடிப்பேன். ஒரு நாள் ஒரு பையன் தரையோட உருட்டி ஷார்ட்ஸ்டாப் கையிலேயே அடிச்சான். சாதாரண அவுட். என் பக்கத்துல இருந்தவர் 'ச்சே'ன்னார். முன்னாடி இருந்த ஸ்கவுட் பந்தையே பார்க்கல. பேட்ல பந்து பட்ட சத்தத்துக்கு ஸ்டாப்வாட்சை அமுக்கினார், பையன் கால் முதல் பேஸ்ல பட்டதும் நிறுத்தினார். 4.1 விநாடின்னு குறிச்சுக்கிட்டார். வலக்கை பேட்டர் 4.3-ல ஓடினா 50 கிரேடு, இவன் அதை விட வேகம். அவுட்டானதை அவர் நோட்டுல எழுதவே இல்ல. அந்தப் பழக்கம் கேம்லயும் வரணும் உனக்கு. காலேஜ் ஸ்டாட்ஸ்ல எவ்வளவு அடிச்சான்னு பார்த்து மயங்காத, அதுக்குக் கீழ இருக்கிற உறுப்பு உறுப்பான ரேட்டிங்கைப் பாரு.

கடைசியா காசு. ஷார்ட்ஸ்டாப் ஸ்லாட்டுக்கே வரான்னா மிச்சப் பணத்தை வச்சு கீழ் ரவுண்டுல சூதாடலாம். இதுக்கு நிஜத்துலயே பாடம் இருக்கு. 2012-ல ஆஸ்ட்ரோஸ் முதல் பிக்ல கார்லோஸ் கொரேயாவை எடுத்தாங்க. அந்த ஸ்லாட்டோட மதிப்பு 72 லட்சம் டாலர், அவன் 48 லட்சத்துக்கு சைன் பண்ணினான். மிச்சம் விழுந்ததுல 41-வது பிக்ல லான்ஸ் மக்கல்லர்ஸ் ஜூனியருக்கு 25 லட்சம், நாலாவது ரவுண்டுல ரியோ ரூயிஸுக்கு 18.5 லட்சம் கொடுத்தாங்க. கொரேயாவும் மக்கல்லர்ஸும் 2017-ல உலகத் தொடர் ஜெயிச்ச டீம்ல இருந்தாங்க. கேம்ல நிறைய கேக்குற ஹைஸ்கூல் பசங்களைப் பார்த்து கம்ப்யூட்டர் டீமுங்க பயந்து ஒதுங்கும். அவனுங்க மூணாவது, நாலாவது ரவுண்டு வரைக்கும் சறுக்கி வருவானுங்க. உனக்கு இடக்கை ஆசைன்னா அங்க போய் தீர்த்துக்கோ.

ஷார்ட்ஸ்டாப்.

யார்க்கர்:

சித்தப்பா, கோவிச்சுக்காதீங்க, உங்க வழக்குல சாட்சி எல்லாம் உங்க பக்கத்து ஆளுங்களாவே இருக்காங்க. எதிர் சாட்சி நான் கூப்பிடுறேன்.

கிளேட்டன் கெர்ஷா. ஹைஸ்கூல், இடக்கை, அதுவும் உங்க டெக்சஸ், டாலஸ் ஹைலாண்ட் பார்க். 2006 டிராஃப்ட்ல 7-வது பிக். அவனுக்கு முன்னாடி 4-வது பிக் யாரோடது தெரியுமா? பைரேட்ஸ்! இதே டீம், இதே நம்பர். யாரை எடுத்தாங்க? பிராட் லிங்கன், காலேஜ் ஆளு, பத்திரமான ஆளு. எந்தக் காலேஜ்? யுனிவர்சிட்டி ஆஃப் ஹூஸ்டன். உங்க ஊர்தான் சித்தப்பா :)

இன்னொண்ணு. 2009, மறுபடியும் பைரேட்ஸ், மறுபடியும் 4-வது பிக். பாஸ்டன் காலேஜ் கேட்சர் டோனி சான்சஸ். பத்திரமான காலேஜ் பேட்டர், செலவும் கம்மி. அதே டிராஃப்ட்ல 25-வது பிக்ல ஒரு ஹைஸ்கூல் பையன் போனான். பேரு மைக் ட்ரவுட்.

கன்ட்ரோல் விஷயத்துக்கு வரேன். கெர்ஷா 2009-ல 171 இன்னிங்ஸ்ல 91 வாக் கொடுத்தான். அப்ப யாராவது ரேட்டிங் போட்டிருந்தா 40-தான் போட்டிருப்பாங்க. 2011-ல 233 இன்னிங்ஸ், 54 வாக், சை யங் அவார்டு (வருஷத்தோட சிறந்த பிட்சருக்குக் கொடுக்கிறது). கன்ட்ரோல் சொல்லிக்கொடுத்தா வரும். ஸ்டஃப் பொறக்கும்போதே வரணும். லெஃப்டி, பிட்சரை எடு. கேம் ஆடுறது எதுக்கு, 2.5 வார் (மாற்று ஆளை விட டீமுக்குக் கூடுதலா வாங்கித் தர்ற வெற்றி) ஷார்ட்ஸ்டாப்பைப் பார்த்துக் கொட்டாவி விடவா?

ஹூஸ்டன்_சித்தப்பா:

யார்க்கர், நல்லா வாதாடுற. லிங்கன் விஷயத்துல என் ஊரை இழுத்தது வேணும்னே பண்ணினது, தெரியும். ஆனா லிங்கனும் பிட்சர்தான்பா! அது என் கட்சிக்குத்தான் சேரும்.

கெர்ஷாவுக்கு வரேன். நிஜ வாழ்க்கையில 91 வாக் 54 ஆச்சு, உண்மை. ஆனா கேம்ல அந்த மாதிரி ஆளுக்கு 18 வயசுல கன்ட்ரோல் 30/60ன்னு இருக்கும். இடைவெளி பெருசு, ஆனா மேல இடம் இருக்கு. லெஃப்டியோட பையனுக்கு 25/40. உச்சமே 40. அதுக்கு மேல போகணும்னா பொட்டென்ஷியலே மாறணும். டேலன்ட் சேஞ்ச் (பொட்டென்ஷியல் தற்செயலா மாறுற அளவு) 100-ல வச்சு ஆடினா அப்படி மாறத்தான் செய்யும், ஏறவும் ஏறும், இறங்கவும் இறங்கும். அது வந்தா சந்தோஷப்படு. வரும்னு நினைச்சு 4-வது பிக்கை வைக்காத. ஹைஸ்கூல்ல கெர்ஷா ஒரு மேட்ச்ல 5 இன்னிங்ஸ்ல வந்த 15 பேரையும் ஸ்ட்ரைக்அவுட் பண்ணினான். ஒரு வாக் கூட இல்ல. 25 கன்ட்ரோல் இருக்கிறவன் அதைப் பண்ண மாட்டான்.

டோனி சான்சஸுக்கு என்கிட்ட பதில் இல்ல. அது பைரேட்ஸ் ரசிகர்கள் இன்னும் புலம்புற விஷயம்.

மலர்விழி_ஸ்ப்ரெட்ஷீட்:

ரெண்டு பேரும் வரலாறாவே பேசிட்டு இருக்கீங்க. லெஃப்டி, ரெண்டு பசங்களோட ப்ரொஃபைலுக்குள்ள போய் பர்சனாலிட்டி பாருங்க. வொர்க் எத்திக், இன்டெலிஜென்ஸ் ரெண்டும் என்ன போட்டிருக்கு? பக்கத்துலயே காயம் ஆகுற தன்மையும் இருக்கும்: டியூரபிளா, நார்மலா, ஃப்ராஜைலா? 18 வயசுப் பையனை எடுக்கும்போது எனக்கு ஸ்டஃப்பை விட இதுதான் முதல்ல. வளர இன்னும் எவ்வளவோ இருக்கிறவனுக்குத்தான் உழைக்கிற குணம் அதிகமா வேணும். 21 வயசுக்காரன் பாதி தூரம் ஏற்கெனவே வந்துட்டான்.

இன்னொரு வழியும் இருக்கு. சித்தப்பா திட்டுவார், பரவால்ல. சேவ் ஃபோல்டரைக் காப்பி எடுத்து வேற பேர்ல வச்சுக்கோங்க. அந்தக் காப்பியில பிட்சரை எடுத்துட்டு ஏழெட்டு வருஷம் ஆட்டோவுல ஓட விடுங்க. திரும்ப இன்னொரு காப்பி, அதே பையன், அதே ஓட்டம். ஒவ்வொரு தடவையும் வேற வாழ்க்கை வரும். என் லீக்ல இதே மாதிரி ஒரு ஸ்டஃப் பையனை அப்படி ஓட்டிப் பார்த்தேன். ஒரு காப்பியில ஏஸ் ஆகி சை யங் வாங்கினான். இன்னொண்ணுல 9-வது இன்னிங்ஸ் க்ளோசர். மத்ததுல பெரும்பாலும் டபுள்-ஏ (மேஜர் லீக்குக்கு ரெண்டு படி கீழ) தாண்டல, கேட்டா தோள், முழங்கை, இல்லைன்னா வாக். அதே டிராஃப்ட்ல இருந்த காலேஜ் இன்ஃபீல்டர் ஒரு காப்பியிலயும் நட்சத்திரம் ஆகல, ஆனா ஏறக்குறைய எல்லாத்துலயும் மேஜர் லீக்ல ஏதோ ஒரு மூலையில நின்னுட்டு இருந்தான்.

முடிவை அதுல பார்த்து எடுக்கணும்னு இல்ல. நிஜ சேவ்ல வேற மாதிரிதான் நடக்கும். ஆனா எண்ணுக்குப் பின்னாடி எவ்வளவு அகலமா ஆட்டம் இருக்குன்னு ஒரு தடவை கண்ணால பார்த்துட்டா அப்புறம் 75-ஐப் பார்த்து கை நடுங்காது.

ஹூஸ்டன்_சித்தப்பா:

திட்டல அம்மா. காப்பியில ஓட்டிப் பார்க்கலாம், தப்பில்ல. காப்பியில பார்த்துட்டு வந்து நிஜ சேவ்ல அந்த ஏஸ் வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப லோடு பண்றானுங்க பாரு, அவனுங்களைத்தான் திட்டுவேன். அதுக்குப் பேசாம ஸ்கவுட்டிங்கையே ஆஃப் பண்ணிட்டு எல்லா எண்ணையும் பச்சையா பார்த்து ஆடிடலாம்.

நெல்லை_லெஃப்டி:

எல்லாருக்கும் நன்றி. மலர்விழி அக்கா சொன்னபடி பார்த்தேன். பிட்சர்: வொர்க் எத்திக் நார்மல், இன்டெலிஜென்ஸ் லோ, காயம் ஃப்ராஜைல். பேராசை மட்டும் ஹை :( ஷார்ட்ஸ்டாப்: வொர்க் எத்திக் ஹை, இன்டெலிஜென்ஸ் நார்மல், காயம் நார்மல்.

யார்க்கர் அண்ணா, கெர்ஷா கதை கேட்டு ஒரு மணி நேரம் மனசு மாறி இருந்தேன். ஃப்ராஜைல்னு பார்த்ததும் கை தானா ஷார்ட்ஸ்டாப் மேல போயிடுச்சு. எடுத்துட்டேன்.

ரெண்டாவது ரவுண்டு வரைக்கும் அந்த இடக்கை சறுக்கி வருவானான்னு ஆசையா காத்திருந்தேன். 9-வது பிக்ல சின்சினாட்டி ரெட்ஸ் தூக்கிட்டாங்க. மூணாவது ரவுண்டுல வேற ஒரு ஹைஸ்கூல் இடக்கை கிடைச்சான்: ஸ்டஃப் 35/55, மூவ்மென்ட் 40/55, கன்ட்ரோல் 30/55, நாலு பந்து, வொர்க் எத்திக் ஹை. ஸ்லாட்டை விட அதிகம் கேட்டான், ஷார்ட்ஸ்டாப்ல மிச்சமானதைக் கொடுத்துட்டேன். சித்தப்பா, ஷார்ட்ஸ்டாப்பை எந்த லெவல்ல ஆரம்பிக்க? நேரா டபுள்-ஏ போடலாமான்னு அசிஸ்டென்ட் ஜிஎம் கேக்குறார்.

யார்க்கர்:

ரெட்ஸா?! உன் டிவிஷன்லயே! வருஷத்துக்கு 13 மேட்ச் அவனுங்களோட ஆடணும்டா. அஞ்சு வருஷம் கழிச்சு அவன் உன்னை 12 ஸ்ட்ரைக்அவுட் பண்ணும்போது இங்க வந்து ஸ்க்ரீன்ஷாட் போடு. நான் எங்கயும் போகல.

ஹூஸ்டன்_சித்தப்பா:

12 ஸ்ட்ரைக்அவுட்டோட 6 வாக்கும் சேர்த்து ஸ்க்ரீன்ஷாட்ல வரட்டும், மறைக்காம போடு.

அந்த மூணாவது ரவுண்டுப் பையன் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நாலு பந்து, கன்ட்ரோல் 55, உழைக்கிற குணம். அவனை காம்ப்ளெக்ஸ் லீக்ல (புதுப் பசங்க ஆடுற அடிமட்ட லீக்) விட்டுட்டு ஒரு வருஷம் திரும்பிப் பார்க்காத. இன்னிங்ஸ் மட்டும் ஒழுங்கா கிடைக்குதான்னு பாரு, ரோட்டேஷன்ல இடம் இருக்கணும்.

ஷார்ட்ஸ்டாப்பை டபுள்-ஏ-ல போடாத, அசிஸ்டென்ட் ஜிஎம் அவசரக்காரர். கான்டாக்ட் 40 இருக்கிறவன் அங்க திணறுவான், வளர்ச்சியும் நிக்கும். அதுக்கு ஒரு படி கீழ ஹை-ஏ-ல தினமும் ஷார்ட்ஸ்டாப்ல நிறுத்து, லைன்அப்ல ரெண்டாவது இடம். அங்க ஏற்கெனவே ஷார்ட்ஸ்டாப் யாராவது இருந்தா அவனை ரெண்டாவது பேஸுக்குத் தள்ளு. ஆகஸ்ட் கடைசியில வாக்கும் ஸ்ட்ரைக்அவுட்டும் கிட்டத்தட்ட சமமா வந்துட்டா அடுத்த ஏப்ரல்ல டபுள்-ஏ. இல்லைன்னா இன்னொரு அரை சீசன் அங்கயே இருக்கட்டும். அப்புறம் மறக்காம ஆட்டோ-ப்ரமோஷனை அந்தப் பையனுக்கு மட்டும் ஆஃப் பண்ணி வை, இல்லைன்னா உனக்குத் தெரியாமலே ஜூலையில ட்ரிபிள்-ஏ-ல போய் நின்னுட்டு இருப்பான்.